நம் வீட்டுச் சாப்பாட்டில் நாய்க்கும் பூனைக்கும் ஆகாதவை எவை? நெல்லைப் பக்கத்து அடுக்களையை முன்வைத்து ஒரு விவாத இழை

பாளைக்காரன்

நண்பர்களுக்கு வணக்கம். வளர்ப்பு விலங்குகளுக்குக் கொடுக்கக் கூடாத உணவுகள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் பட்டியல்களைப் படிக்கும்போதெல்லாம், அவற்றை எழுதியவர்கள் நம் பக்கத்து அடுக்களையை ஒரு முறையேனும் எட்டிப் பார்த்திருப்பார்களா என்ற ஐயம் எனக்கு எழுகிறது. மக்கடேமியா கொட்டை, ருபார்ப் தண்டு என்று நம் சந்தையில் கண்ணில் படாத பொருள்களை அடுக்குகிறார்களே தவிர, சொதியையோ கூட்டாஞ்சோற்றையோ புளிக்குழம்பையோ கருவாட்டையோ பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை.

என் வீட்டில் ஒரு வயது நிரம்பாத சிப்பிப்பாறை இன நாய்க்குட்டி ஒன்றும், தானாகவே வந்து குடியேறிவிட்ட பூனை ஒன்றும் இருக்கின்றன. மிஞ்சிய சோற்றில் மிஞ்சிய குழம்பைப் பிசைந்து வைப்பதுதான் நாய்க்குச் சோறு வைப்பது என்பது என் தாயாரின் எண்ணம்; இந்தப் பக்கத்தில் பெரும்பாலான வீடுகளின் வழக்கமும் அதுதான். கிறிஸ்துமஸும் பொங்கலும் அடுத்தடுத்து வருவதால் அண்டை வீடுகளிலிருந்து பலகாரத் தட்டுகள் வந்துகொண்டே இருக்கும். இவற்றில் எது உண்மையாகவே கெடுதல் செய்யும், எது வெறும் பயமுறுத்தல் என்பதைக் காரணத்தோடு விளக்கக் கூடியவர்கள் விளக்கினால் பலருக்கும் பயன்படும்.

கொக்கிரகுளத்தார்

கால்நடை உதவி மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். தம்பி, நம் சமையலைப் பொறுத்தவரை முதலில் பேச வேண்டியது சாக்லேட்டைப் பற்றி அல்ல, சின்ன வெங்காயத்தைப் பற்றித்தான். வெங்காயம், பூண்டு, வெங்காயத்தாள் ஆகிய அனைத்திலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாய், பூனை ஆகியவற்றின் இரத்தச் சிவப்பணுக்களைத் தாக்கிச் சிதைக்கின்றன. வதக்கினாலும் வேகவைத்தாலும் காயவைத்துப் பொடியாக்கினாலும் இந்தத் தன்மை போவதில்லை. பொடியில் அது செறிந்துதான் இருக்கிறது. ஆகவே வெங்காயத்தைப் பொறுக்கி எடுத்துவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றினேன் என்று சொல்வதில் பயன் இல்லை, ஏனெனில் சாறு முழுவதும் குழம்பில் இறங்கியிருக்கும்.

அளவு என்று பார்த்தால், நாயின் எடையில் ஒரு கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வரை வெங்காயம் உள்ளே போனால் இரத்தத்தில் மாற்றம் தெரியத் தொடங்கும். பூனைக்கு ஒரு கிலோவுக்கு 5 கிராமே போதும். மூன்று கிலோ எடையுள்ள பூனைக்கு இது 15 கிராம், அதாவது இரண்டு மூன்று சின்ன வெங்காயம். நம் குழம்பில் ஒரு கை வெங்காயத்தை உரித்துப் போடுகிறோம் என்பதை இதோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள். பூண்டு வெங்காயத்தைவிடவும் வீரியம் மிக்கது.

இதில் உள்ள பெரிய சிக்கல் காலதாமதம். விலங்கு இன்றைக்குத் தின்றுவிட்டு இன்றைக்கே சாய்ந்துவிடுவதில்லை. சில நாள்கள் கழித்துச் சோர்ந்து படுக்கும், மூச்சு வாங்கும், சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகும். அப்போது வீட்டார் வெயிலைக் குறை சொல்வார்கள், உண்ணியைக் குறை சொல்வார்கள், யாரோ மருந்து வைத்துவிட்டதாகவும் சொல்வார்கள். நாலு நாளைக்கு முன்பு ஊற்றிய சால்னா யார் நினைவுக்கும் வராது. உண்ணிக் காய்ச்சலும் இதே குறிகளைக் காட்டும் என்பதால், மருத்துவரிடம் போகும்போது கடந்த ஒரு வாரத்துச் சாப்பாட்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். வீட்டிலேயே ஒரு சோதனையைச் செய்து பார்க்கலாம். நாயின் மேலுதட்டைத் தூக்கி, ஈறை விரலால் அழுத்திவிட்டு எடுத்தால், வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். சில நாய்களுக்கு ஈறு இயல்பிலேயே கறுத்திருக்கும்; அவற்றுக்குக் கீழிமையை இழுத்து உள்பக்கத்தின் நிறத்தைப் பார்க்க வேண்டும். வெளிறியோ மஞ்சள் பாய்ந்தோ இருந்தால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

நாங்குநேரிச் சம்சாரி

டாக்டர் ஐயா சொல்வதை மறுக்கும் படிப்பு எனக்கு இல்லை. ஆனால் எங்கள் ஊரில் தலைமுறை தலைமுறையாகக் கன்னி இன நாய்களும் நாட்டு நாய்களும் வீட்டில் மிஞ்சியதைத் தின்றுதான் தோட்டத்தைக் காத்தன. என் பாட்டனார் காலத்தில் பாக்கெட் தீனி கிடையாது, மருத்துவமனை கிடையாது. பரோட்டாக் கடை வாசலில் படுத்திருக்கும் நாய்கள் சால்னா தோய்ந்த பரோட்டாவை நாள்தோறும் தின்றுவிட்டுத் தெம்பாகத்தானே திரிகின்றன? இப்போது எதை எடுத்தாலும் விஷம் என்று சொல்வது, தீனி விற்கும் கம்பெனிகளுக்குத்தான் ஆதாயமோ என்று எனக்குத் தோன்றுகிறது.

கொக்கிரகுளத்தார்

அண்ணாச்சி, தீனி விற்பவர்களுக்கு ஆதாயம் உண்டு என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் பாட்டனார் காலத்து நாய்க்குக் கிடைத்தது என்ன என்பதை நினைவுபடுத்திப் பாருங்கள். கம்பங்கூழ், சோளக்கூழ், நீர்த்த மோர், வடித்த கஞ்சி, எப்போதாவது ஆடு அறுத்தால் கிடைக்கும் கழிவு இறைச்சி, தானே பிடித்துத் தின்ற எலி என்று அது ஓடியது. வெங்காயமும் எண்ணெயும் அள்ளிப் போட்ட குழம்பு வீட்டாருக்கே அன்றாடம் கிடைத்ததில்லை. நாய்க்கு எங்கே மிஞ்சியிருக்கும்?

கூழ் நாய்க்கு ஆகும் என்பதற்கு அறிவியலிலும் ஆதாரம் உண்டு. மனிதன் பயிரிடத் தொடங்கியபின் அவனோடு வாழ்ந்த நாய்களின் உடலில், மாவுச்சத்தைச் செரிக்கும் அமிலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் இருப்பதைவிடப் பல மடங்கு பெருகியிருக்கிறது என்று 2013இல் ஓர் ஆய்வு காட்டியது. எனவே நாயை வெறும் இறைச்சி தின்னும் பிராணி என்று சொல்லிச் சோற்றையே நிறுத்தும் புதுப் பழக்கத்தையும் நான் ஏற்கவில்லை. உப்பில்லாத கம்பங்கூழில் ஓர் அவித்த முட்டையைப் பிசைந்து வைத்தால் சிப்பிப்பாறைக்கு அது நல்ல உணவு. வளரும் குட்டிக்கு மட்டும் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் கூடுதலாகத் தேவைப்படும் என்பதால் கூழையே முழு உணவாக்கிவிடக் கூடாது.

பரோட்டாக் கடை நாயைப் பற்றிக் கேட்டீர்கள். தெம்பாகத் திரியும் நாயைத்தான் நாம் பார்க்கிறோம். செத்துப்போன நாயை யாரும் அறுத்துப் பார்ப்பதில்லை, அதன் இடத்துக்கு இன்னொரு நாய் வந்துவிடும், கடை வாசலில் நாய் எப்போதும் இருப்பதாகவே நமக்குத் தெரியும். சாகாத நாய்க்கும் இரத்தம் குறைந்திருக்கலாம். அதைக் கண்ணால் பார்த்து யாரும் சொல்ல முடியாது.

தென்காசிச் சாரல்

பூனைகளை வளர்ப்பவள் என்பதால், நாயைப் பற்றிச் சொன்னதை எல்லாம் பூனைக்கும் பொருத்திவிடக் கூடாது என்று முதலில் சொல்ல விரும்புகிறேன். நாய்க்குக் கூழ் ஆகலாம். பூனை பிறப்பால் இறைச்சி தின்னி. டாரின் என்ற அமினோ அமிலத்தைத் தனக்கு வேண்டிய அளவுக்குப் பூனையின் உடல் தானே உற்பத்தி செய்துகொள்ள இயலாது. அதை மீனிலிருந்தும் இறைச்சியிலிருந்தும் பெற்றாக வேண்டும். அது குறைந்தால் விழித்திரை கெட்டுப் பார்வை போகும் என்பதை 1970களிலும், இதயத் தசை தளர்ந்து வீங்கிவிடும் என்பதை 1987இலும் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகே கடைத் தீனிகளில் டாரினைத் தனியாகச் சேர்க்கும் வழக்கம் உறுதிப்பட்டது.

நம் பக்கத்தில் பல சைவ வீடுகளில் பூனைக்குப் பால் சோறும் தயிர்ச் சோறும் மட்டுமே கிடைக்கின்றன. முன்பு ஓட்டு வீட்டில் வளர்ந்த பூனை, வீட்டார் கொடுத்த பால் சோற்றைத் தின்றுவிட்டு, எலியையும் ஓணானையும் பிடித்துத் தன் குறையைத் தானே தீர்த்துக்கொண்டது. மாடி வீட்டுக்குள் அடைபட்ட பூனைக்கு அந்த வழி இல்லை. வீட்டில் மீன் புழங்கக் கூடாது என்றால், குறைந்தபட்சம் பூனைக்கென்றே விற்கும் முழுச்சத்துத் தீனியைத் தனிக் கிண்ணத்தில் வைப்பதுதான் நேர்மையான வழி. அதுவும் ஆகாது என்பவர்கள் முயல் வளர்க்கலாம் என்பது என் தாழ்மையான கருத்து.

பால் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் செரிப்பதில்லை. ஆசையாகக் குடித்துவிட்டு மறுநாள் கழிச்சலில் அவதிப்படும். தயிரில் அந்தச் சர்க்கரை ஓரளவு குறைந்துவிடுவதால் சிறிதளவு தாங்கும்.

மீனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நெத்திலி போன்ற சில மீன்களைப் பச்சையாகத் தொடர்ந்து கொடுத்தால், அவற்றில் உள்ள தயாமினேஸ் என்ற நொதி வைட்டமின் பி1ஐ அழித்துவிடும். பூனை தலையைத் தொங்கப்போட்டுத் தள்ளாடும், வலிப்பும் வரும். வேகவைத்தால் நொதி செயலிழந்துவிடும் என்பதால், உப்பும் மஞ்சளும் மிளகாயும் போடாமல் தண்ணீரில் அவித்து, முள்ளை நீக்கிக் கொடுப்பதே சரி. கருவாடு வேண்டவே வேண்டாம். அதன் வாசனைக்குப் பூனை உயிரையே கொடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதில் ஏறியிருக்கும் உப்பு மனிதருக்கே அதிகம். கழுவிய கருவாடுதானே என்று சிலர் வாதிடுவார்கள். ஒரு முறை அலசினால் மேலே படிந்திருக்கும் உப்புத்தான் போகும்.

வள்ளியூர் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமைதோறும் பெருமாள் கோவிலிலிருந்து வரும் புளியோதரையை எங்கள் வீட்டு நாய் விரும்பித் தின்கிறது. அதில் வெங்காயமும் பூண்டும் இல்லை என்பதால் அது பாதுகாப்பானது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கொக்கிரகுளத்தார்

அம்மா, நல்ல கேள்வி. இதற்குக் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் விடை சொல்ல வேண்டியிருக்கிறது. திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைப் பழுதாக்கும் என்பது இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தெரிந்த செய்தி. ஆனால் திராட்சையில் உள்ள எந்தப் பொருள் அதைச் செய்கிறது என்பது நெடுங்காலம் பிடிபடவில்லை. ஒரு நாய் ஒரு கொத்துத் தின்றுவிட்டு ஒன்றுமில்லாமல் இருக்கும், இன்னொரு நாய் ஒரு சிறு கை தின்றுவிட்டுச் சிறுநீர் நின்று இறந்துபோகும். 2021இல் அமெரிக்காவின் விலங்கு நச்சு ஆலோசனை மையத்து மருத்துவர்கள், அந்தப் பொருள் டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று எழுதினார்கள். அவர்களுக்கு வழிகாட்டியது, பேக்கரிகளில் பயன்படும் டார்டார் உப்பைத் தின்ற நாய்க்கும் அதே விதமாகச் சிறுநீரகம் கெட்டதுதான். அடுத்த ஆண்டு வெளியான கட்டுரையில் புளியைத் தின்ற நாய்களும் சேர்க்கப்பட்டிருந்தன.

நம் புளியின் புளிப்புக்குக் காரணமே டார்டாரிக் அமிலம்தான். உலர்ந்த புளியில் அது நூற்றுக்கு எட்டு முதல் பதினெட்டுப் பங்கு வரை இருக்கும்; திராட்சையில் இருப்பது அதில் ஒரு சிறு பகுதியே. மற்ற விலங்குகளைப் போல அந்த அமிலத்தை வெளியேற்ற இயலாமல் நாயின் சிறுநீரகம் அதைத் தன் செல்களுக்குள் தேக்கிக்கொள்கிறது என்பது இப்போது முன்வைக்கப்படும் விளக்கம். இதையெல்லாம் நம் நாட்டு மருத்துவர்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும். நாய்க்குப் புளிச்சோறு வைக்கும் நாடு நம்முடையதுதானே.

ஆகவே, புளியோதரைக்காகக் காய்ச்சி இறக்கிய புளிக்காய்ச்சல், கெட்டியான புளிக்குழம்பு, வற்றல் குழம்பு, அம்மியில் அரைத்த புளித்துவையல் ஆகியவற்றை நாய்க்கு வைக்க வேண்டாம். நீர்த்த ரசத்தை ஒரு கரண்டி நக்கியதற்காக யாரும் ஆட்டோ பிடித்து ஓட வேண்டியதில்லை. ஆனால் தெரிந்தே வாரந்தோறும் வைப்பது வேறு. திராட்சையும் புளியும் செய்யும் கெடுதலில் முதல் குறி பெரும்பாலும் ஒரு நாளுக்குள் வரும் வாந்திதான். சிறுநீரகம் கெடுவது இரண்டு மூன்று நாளில் தெரியும், அப்போது மருத்துவம் மிகவும் கடினம். எனவே வாந்தியைக் கண்டதும் போவதே புத்திசாலித்தனம்.

கிறிஸ்துமஸ் என்று பாளைக்காரத் தம்பி குறிப்பிட்டதற்கும் இங்கேயே விடை சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டையில் அந்த மாதம் தெருவெல்லாம் மணக்கும் பிளம் கேக்கில் உலர்திராட்சை கிலோ கணக்கில் இருக்கும், சில வீடுகளில் அதை ரம்மில் ஊறவைத்தும் போடுவார்கள். நாயைப் பொறுத்தவரை அந்த ஒரு துண்டில் திராட்சையும் சாராயமும் சேர்ந்தே இருக்கின்றன. சர்க்கரைப் பொங்கலிலும் பாயசத்திலும் கிடக்கும் திராட்சைக்கும் இது பொருந்தும்.

நாங்குநேரிச் சம்சாரி

புளிய இலையை ஆடு கடித்துத் தின்கிறதே ஐயா, அதற்கு ஒன்றும் ஆவதில்லையே?

கொக்கிரகுளத்தார்

ஆட்டுக்கு அசைபோடும் வயிறு இருக்கிறது அண்ணாச்சி. நாய்க்கு ஆகாதது ஆட்டுக்கு ஆகும், ஆட்டுக்கு ஆகாதது நாய்க்கு ஆகும். நீங்கள் ஆட்டைப் பற்றிக் கேட்டதால் ஒன்றைச் சொல்லிவைக்கிறேன். நாய்க்கு நல்லது என்று நான் சொன்ன அதே வெந்த சோறும் கம்பும் ஆட்டுக்கு எமனாகலாம். மாட்டுப் பொங்கலன்று பாசத்தால் ஒரு பானைப் பொங்கலை மாட்டுக்கும் கிடாய்க்கும் ஊட்டிவிடுகிறார்கள். பழக்கமில்லாத மாவுச்சத்து ஒரே நேரத்தில் அசையூண் வயிற்றில் இறங்கினால், அங்குள்ள நுண்ணுயிர்கள் அதை லாக்டிக் அமிலமாக மாற்றிவிடுகின்றன. விலங்கு அசைபோடுவதை நிறுத்தும், இடப்பக்கம் உப்பும், பல்லை நறநறவென்று கடிக்கும், புளித்த நாற்றத்தோடு கழியும், மறுநாள் எழுந்திருக்காது. பொங்கலன்று ஒரு கவளம் ஊட்டினால் சம்பிரதாயம் நிறைவேறிவிடும்.

உங்கள் பக்கத்தில் மரச்சீனி (மரவள்ளி) பயிரிடுகிறவர்கள் கிழங்கைச் சீவிய தோலையும் பச்சை இலையையும் ஆட்டுக்குப் போடுவதுண்டு. அவற்றிலிருந்து சயனைடு வெளிப்படும். கிழங்கை வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டு நாம் தின்கிறோம், ஆடு பச்சையாகவே தின்கிறது என்பதை மறக்கக் கூடாது. தின்ற சில நிமிடத்திலேயே மூச்சு முட்டி விழும் என்பதால் உடனே மருத்துவர் ஊசி போட்டால்தான் பிழைக்கும். ஆடு மாடுகளுக்கு 1962 என்ற இலவச எண்ணை அழைத்தால் கால்நடைத் துறையின் நடமாடும் மருத்துவ ஊர்தி வரும். ஆனால் மரச்சீனி விஷத்துக்கு அது வந்து சேரும்வரை பொறுக்க நேரம் இருக்காது, அருகில் இருக்கும் மருத்துவரையும் அதே நேரத்தில் அழையுங்கள்.

மருந்துக்கடை நண்பன்

மேலப்பாளையத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். சாக்லேட்டைப் பற்றி எல்லோருக்கும் தெரியும் என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. அளவை மட்டும் நான் சொல்கிறேன். சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் மனித உடலிலிருந்து வெளியேறுவதைவிட நாயின் உடலிலிருந்து மிக மெதுவாகவே வெளியேறுகிறது. அதன் அளவு பாதியாகக் குறையவே சுமார் 17 மணி நேரம் ஆகும். நாயின் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்ற அளவில் வாந்தியும் பதற்றமும் தொடங்கும், 40க்கு மேல் இதயத் துடிப்பு தாறுமாறாகும், 60ஐத் தொட்டால் வலிப்பு வரும். பால் சாக்லேட்டில் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராமும், கறுப்பு சாக்லேட்டில் ஏறத்தாழ 5 மில்லிகிராமும், கேக் செய்யும் கோகோ பொடியில் 20 மில்லிகிராம் அளவும் இருக்கும். பத்துக் கிலோ நாய் ஒரு சிறு பால் சாக்லேட் துண்டைத் தின்றதற்குப் பதறுவதைவிட, கோகோ பொடி டப்பாவை எட்டாத அலமாரியில் வைப்பது முக்கியம்.

ஆனால் நான் எழுத வந்தது சைலிட்டால் என்ற இனிப்பூட்டியைப் பற்றி. நீரிழிவுக்காரர் இல்லாத வீடே இப்போது அரிதாகிவிட்டதால் சர்க்கரை இல்லாத பொருள்கள் எல்லா வீட்டிலும் புழங்குகின்றன. எல்லாவற்றிலும் சைலிட்டால் இருப்பதில்லை. பெரும்பாலான மாத்திரைகளிலும் பொடிகளிலும் சுக்ரலோஸ், அஸ்பார்டேம், ஸ்டீவியா போன்றவைதான் இருக்கும். சர்க்கரை இல்லாத சூயிங்கம், சில வகைப் பற்பசை, வாய் கொப்பளிக்கும் மருந்து, சில கடலை வெண்ணெய் ஆகியவற்றில்தான் சைலிட்டாலைத் தேட வேண்டும். உறையின் பின்பக்கத்தில் ஐஎன்எஸ் 967 என்ற எண் இருந்தால் அதுதான். மனிதருக்குச் சாதுவான இந்தப் பொருள் நாயின் கணையத்தைத் தூண்டி இன்சுலினைக் கொட்ட வைக்கிறது. கிலோவுக்கு 0.1 கிராம் போனாலே அரை மணி, ஒரு மணி நேரத்தில் இரத்தச் சர்க்கரை விழுந்து நாய் தள்ளாடும், கிலோவுக்கு 0.5 கிராம் அளவைத் தாண்டினால் கல்லீரலே செயலிழக்கலாம்.

உணவு அல்ல என்றாலும் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. காய்ச்சலடிக்கும் பூனைக்குக் கொடுக்கப் பாரசிட்டமால் கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். பூனையின் கல்லீரலில் அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் வழி மிகவும் குறைவு. ஒரு மாத்திரையே அதைக் கொன்றுவிடும். தயவுசெய்து கேட்காதீர்கள்.

நாங்குநேரிச் சம்சாரி

எதையாவது தின்றுவிட்டால் உப்பைக் கரைத்து வாயில் ஊற்றி வாந்தி எடுக்க வைப்பதுதான் எங்கள் ஊர் வழக்கம். சிலர் புளியைக் கரைத்தும் ஊற்றுவார்கள். இப்போது புளியும் ஆகாது என்றால் வேறு என்னதான் செய்வது?

கொக்கிரகுளத்தார்

இரண்டுமே வேண்டாம் அண்ணாச்சி. உப்பைக் கரைத்து ஊற்றி வாந்தி வராமல் போனால், அந்த உப்பு முழுவதும் இரத்தத்தில் ஏறி மூளையைத் தாக்கும். விஷத்தால் சாகாத நாய் வைத்தியத்தால் செத்துப்போகும். பால் ஊற்றுவதும் முறிவு மருந்து அல்ல. மயங்கியோ வலிப்பிலோ கிடக்கும் விலங்கின் வாயில் எதை ஊற்றினாலும் அது நுரையீரலுக்குள் போய்விடும். தின்ற பொருளின் உறையையோ மிச்சத்தையோ கையில் எடுத்துக்கொண்டு, எவ்வளவு தின்றது, எப்போது தின்றது, நாயின் எடை என்ன என்ற மூன்றையும் சொல்லும்படி உடனே கிளம்புவதுதான் முதலுதவி. முதல் இரண்டு மணி நேரத்துக்குள் வந்தால் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்து, நஞ்சை உறிஞ்சும் மருந்துக் கரியும் கொடுக்கலாம். அதற்குப் பிறகு வேலை பாதியாகக் கெட்டுவிடும்.

பாளைக்காரன்

இவ்வளவு விரிவான விடைகளுக்கு எல்லோருக்கும் நன்றி. என் தாயாரிடம் இந்த இழையைப் படித்துக் காட்டியபோது, "அப்படியானால் அதற்குத் தனியாக உலை வைக்க வேண்டுமா?" என்று கேட்டார்கள். நாங்கள் கண்ட வழி இதுதான். பருப்பும் காயும் வெந்து, உப்பும் புளியும் போடுவதற்கு முன்னால், வெங்காயம் வதக்கும் சட்டியில் சேருவதற்கு முன்னால், ஒரு கரண்டியை எடுத்துச் சிறு கிண்ணத்தில் ஊற்றிவைத்துவிடுகிறோம். அதில் கேரட், பீன்ஸ், பூசணி, சில நாள் முருங்கைக்கீரை என்று எது வெந்திருந்தாலும் இருக்கும். நாயின் சோற்றில் அதையும் முட்டையையோ அவித்த கோழியையோ சேர்த்துப் பிசைகிறோம். சொதி வைக்கும் நாளில் வெந்த காயை முன்பே எடுத்துவிட்டு, அதன் பிறகே பூண்டும் தேங்காய்ப் பாலும் சேர்கின்றன. கூடுதல் வேலை என்று சொல்ல ஒரு கிண்ணம் கழுவுவதுதான்.

இரண்டு கேள்விகள் மீதம் உள்ளன. அல்வாவை ஒரு விள்ளல் கொடுத்தால் என்ன ஆகும்? கோழி எலும்பைக் கொடுக்கலாமா?

கொக்கிரகுளத்தார்

அல்வாவில் நஞ்சு எதுவும் இல்லை. கோதுமைப் பால், சர்க்கரை, நெய், அவ்வளவுதான். ஆனால் வாழையிலையில் வைத்ததும் நெய் வழியும் பண்டம் அது. அவ்வளவு கொழுப்பு ஒரே நேரத்தில் உள்ளே போனால் சில நாய்களுக்குக் கணையம் வீங்கி, வயிற்றைத் தரையில் அழுத்திக்கொண்டு முதுகை வளைத்து வலியில் நிற்கும். நெய்ச்சோறு, ஆட்டுக் கொழுப்பு, பிரியாணி அடிப்பிடித்த வண்டல் எல்லாம் இதே வகை. விரல் நுனியில் ஒட்டியதை நக்கட்டும், விள்ளல் வேண்டாம். பூனைக்கு அதைக் காட்ட வேண்டிய தேவையே இல்லை. இனிப்பை உணரும் திறனே அதன் நாக்குக்குக் கிடையாது, அது நெருங்கி வருவது நெய் வாசனைக்காகத்தான்.

வெந்த கோழி எலும்பு கூர் கூராகச் சிலும்பி உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். வேண்டாம்.

தென்காசிச் சாரல்

சீசன் நேரத்தில் குற்றாலத்துப் பழக்கடைகளுக்கு வருகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றையும் எழுதிவிடுகிறேன். பட்டர் ஃப்ரூட் என்று விற்கும் வெண்ணெய்ப்பழத்தில் பெர்சின் என்ற பொருள் உண்டு. கூண்டில் லவ் பேர்ட்ஸ் வளர்ப்பவர்கள் அதை ஒரு துண்டும் வைக்கக் கூடாது, பறவைகளின் இதயம் அதைத் தாங்காது. முயலுக்கும் ஆட்டுக்கும் அதன் இலையும் ஆகாது. ரம்புட்டானும் மங்குஸ்தானும் வாங்கினால் கொட்டைகளை நாய் பொறுக்காதபடி அப்புறப்படுத்துங்கள்.

வள்ளியூர் ஆசிரியை

மாம்பழச் சதையையும் வாழைப்பழத்தையும் பற்றி யாரும் சொல்லவில்லையே?

கொக்கிரகுளத்தார்

இரண்டும் ஆகும் அம்மா. தர்ப்பூசணி, பப்பாளி, கொய்யா ஆகியவையும் விதை நீக்கிச் சிறு துண்டாகக் கொடுத்தால் ஆகும். எல்லாம் சேர்ந்து நாயின் ஒரு நாள் உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாங்கொட்டையை மட்டும் கண்ணில் படாமல் மூடிய குப்பைத் தொட்டியில் போடுங்கள். நாய் அதை வழுக்கி விழுங்கிவிட்டால் குடலில் மாட்டிக்கொள்ளும். தின்றதை எல்லாம் திரும்பத் திரும்பக் கக்கி, இரண்டு நாளாக மலம் போகாமல் இருந்தால் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். நம் மாவட்டத்தில் அதற்கு ராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் காலையிலேயே போய்விடுங்கள், கிளம்புவதற்கு முன் சோறு எதுவும் வைக்க வேண்டாம்.